ஓரத்தில் நிற்பவர் யார்?

விலங்குகளையும் வானத்துப் பறவைகளையும் நமக்கு ஆசிரியர்களாகக் காட்டுகிறது யோபு நூல் (12:7). சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புகிறது நீதிமொழிகள் நூல் (6:6). இன்று நாமும் ஒரு பறவையிடம் பாடம் கேட்போம். பறக்கத் தெரியாத பறவை அது. அதன் பெயர் எம்பரர் பென்குயின்.

அண்டார்டிகாவின் கடுங்குளிர் காலத்தில்தான் இது அடைகாக்கிறது. பெண் பறவை ஒரே ஒரு முட்டையிட்டு, அதை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குச் செல்கிறது. ஆண் பறவை அந்த முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு ஏறத்தாழ 65 நாள்கள் காக்கிறது. கூடு கிடையாது. உணவும் கிடையாது. வெளியே குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும். பனிப்புயலும் வீசும்.

இந்தக் குளிரைத் தனியொரு பறவை இத்தனை நாள் தாங்குவது அரிது. எனவே அவை நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கூட்டத்தின் நடுவில் வெப்பம் 37 டிகிரியைக்கூட எட்டுகிறது. ஆனால், காற்று வந்து மோதும் ஓரத்தில் நிற்கும் பறவைகளின் கதி என்ன?

இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்தக் கூட்டம் ஒரே நிலையில் நிற்பதில்லை. 30 முதல் 60 வினாடிகளுக்கு ஒருமுறை, 5 முதல் 10 சென்டிமீட்டர் அளவுக்கு, எல்லாப் பறவைகளும் சிற்றடி எடுத்து வைக்கின்றன என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. காற்றின் பக்கம் நிற்பவை மெல்ல நடந்து, காற்றுப் படாத மறுபக்கம் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. இப்படியே ஓரத்தில் நின்றது நடுவுக்கு வருகிறது. நடுவில் நின்றது ஓரத்துக்கு வருகிறது.

பென்குயின்கள் தியாகம் செய்கின்றன என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொன்றும் தன் குளிரைப் போக்கிக்கொள்ளவே நகர்கிறது. ஆனாலும், "நடு இடம் எனக்கே" என்று எந்தப் பறவையும் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. அறிவும் மனச்சான்றும் பெற்ற நம் வீடுகளில் என்ன நடக்கிறது?

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது பங்குப் பணியாளர்களாகிய நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. படுக்கையில் வயதான தாய். பிள்ளைகள் நான்கு பேர். ஆனால் இரவெல்லாம் விழித்திருப்பவர் ஒரே ஒரு மகள் அல்லது மருமகள். மற்றவர்கள் பணம் அனுப்புகிறார்கள், ஞாயிறுதோறும் தொலைபேசியில், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அக்கறையோடு கேட்கிறார்கள். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பவர் யார்? அவர் கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்தும் பல மாதங்கள் ஆகியிருக்கும். "அவள் பொறுமைசாலி, பார்த்துக்கொள்வாள்" என்று நாம் பாராட்டுகிறோம். சில வேளைகளில் அந்தப் பாராட்டே, அவரை ஓரத்திலேயே நிறுத்திவைக்க நாம் சொல்லும் சாக்காகிவிடுகிறது.

நம் பங்கிலும் அப்படித்தான். கோவிலைக் கூட்டுவதும், திருவிழா முடிந்து நாற்காலிகளை அடுக்குவதும் எப்போதும் அதே சிலர்தானே?

ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குவதில்தான் கிறிஸ்துவின் சட்டம் நிறைவேறுகிறது என்று தூய பவுல் கலாத்திய மக்களுக்குக் கற்பிக்கிறார் (6:2). சுமையைக் கண்டு இரக்கப்படுவது வேறு. அதன் கீழ் நம் தோளைக் கொடுப்பது வேறு.

பென்குயின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலுக்குச் சென்ற தாய் திரும்பி வருகிறது. குஞ்சைத் தன் பாதங்களில் ஏற்றுக்கொள்கிறது. ஏறக்குறைய நான்கு மாதங்களாகப் பட்டினி கிடந்து மெலிந்துபோன தந்தை, அதன்பிறகே உணவு தேடிக் கடலுக்குப் புறப்படுகிறது. போனவர் திரும்பி வருவதால்தான் காத்திருந்தவர் பிழைக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, நம் குடும்பத்தில் ஓரத்தில் நிற்பவர் யார்? இந்த வாரம் ஒரே ஓர் இரவு அவருடைய இடத்தில் நாம் நிற்போம். "இன்றைக்கு நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வோம். அது நாம் எடுத்துவைக்கும் சிற்றடியாக இருக்கட்டும். அதற்கான மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக!