கூரையை முதலில் நினைத்தவர்

இலங்கையின் நவீன கட்டடக்கலையை உலகம் அறியச் செய்த ஜெஃப்ரி பாவா (1919–2003) கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனில் சட்டமும் பயின்று, கொழும்பில் சில காலம் வழக்கறிஞராகவும் இருந்த அவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்னும் இறப்பர்த் தோட்டத்தை வாங்கி அதை மாற்றியமைக்க முற்பட்டார். அந்த முயற்சிக்கு முறையான தொழிலறிவு வேண்டும் என்று கண்டதும் மீண்டும் இலண்டன் சென்று படித்து, 1957இல் தேறினார். கொழும்பின் பழைய நிறுவனமான எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் அவருடைய பணிக்களமாயிற்று.

தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவரும் நவீனத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்ட காலம் அது. கடும் வெயிலும் பெருமழையும் மாறிமாறி வரும் நாட்டில் தட்டைக் கூரை ஒழுகும், கண்ணாடி அறையை உலையாக்கும் என்பதைப் பாவா தெளிவாகக் கண்டார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிப் பொருள்கள் அருகியதும் உள்ளூர்க் கருங்கல், செங்கல், மரம், மண் ஓடு ஆகியவற்றின் பக்கம் அவரைத் திருப்பியது. அவரும் டென்மார்க்கைச் சேர்ந்த அவருடைய கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரும் கையாண்ட கூரைமுறை விரிவாகச் சொல்லத் தக்கது: நெளிவுள்ள அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடுகளை அடியில் பரப்பி, அந்நெளிவுகளின் மேல் அரைவட்ட மண் ஓடுகளை அடுக்கினர். தகடு மழையைத் தடுத்தது, ஓடு தகட்டின்மேல் வெயில் படாமல் காத்தது, செலவும் குறைந்தது. அஸ்பெஸ்டஸின் தீங்கு நன்கு தெரிந்துள்ள இன்று அத்தகட்டுக்கு மாற்று தேவை. ஆயினும் ஈரடுக்குக் கூரை என்ற கருத்து பழுதற்றது.

அக்கூரைகளின் நடுவே அவர் வைத்தது முற்றம். எனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீட்டில், சிறிய நகரக் காணியைச் சுவரால் அடைத்து, அறைகள் யாவும் உள்முற்றங்களை நோக்கித் திறக்குமாறு அமைத்தார். நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் கட்டப்படும் நாற்சார் வீட்டை அறிந்த தமிழருக்கு இது புதுமையன்று. பழைய அமைப்பை அலங்காரமாக அன்றி, காற்றும் வெளிச்சமும் வரும் வழியாக மீட்டதே பாவாவின் சாதனை.

பாவாவின் புகழில் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரத்தின் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. 1960களின் பிற்பகுதியில் பங்காளராகச் சேர்ந்த இத்தமிழர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிறுவனத்தின் கட்டுமானப் பொறியியலையும் நிர்வாகத்தையும் தாங்கினார். பெந்தோட்டைக் கடற்கரை ஓட்டல், மதுரை கிளப், 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றம் ஆகியவை அக்கூட்டின் காலத்தவை. நாடாளுமன்றத்துக்காகச் சதுப்புநிலம் தூர்வாரப்பட்டு, ஏரியின் நடுவே செப்புக்கூரை மண்டபங்கள் எழுந்தன.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் கடக்கும் தம்புள்ளைக்கு அண்மையில் உள்ளது, 1994இல் நிறைவுற்ற கந்தளம ஓட்டல். சீகிரியாக் குன்றின் அடியில் தர முன்வந்த நிலத்தை மறுத்து, தொலைவிலிருந்த பாறைச்சரிவொன்றைப் பாவா தேர்ந்தார். பாறையின் வளைவைத் தொடர்ந்து நீளும் அக்கட்டடத்தைச் செடிகொடிகள் மூடி வளர்கின்றன. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

திருகோணமலையில் உட்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில் போன்ற மேட்டுநிலங்களுக்குப் பாவாவின் இப்பணி நேரடியாகப் பயன்படக் கூடியது. திருகோணமலையின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெய்கிறது. ஆண்டின் நடுவில் மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அனலாய் வீசுகிறது. இத்தகைய இடத்தில் மேல்தட்டுக் கொங்கிறீற்றை வெறுமையாக வெயிலில் விட்டு, உள்ளே குளிரூட்டியால் ஈடுசெய்வது மின்கட்டணத்தைப் பெருக்குமே தவிர வெப்பத்தின் மூலத்தைப் போக்காது. குன்றின் சரிவை வெட்டித் தரைமட்டமாக்காமல் அதன் படிகளுக்கேற்ப அறைகளை இறக்குவதும், நீண்ட இறவாரமும் ஆழமான விறாந்தையும் விடுவதும், நிற்கும் மரத்தைச் சுற்றி முற்றம் வகுப்பதும் பெருஞ்செலவு வேண்டுபவை அல்ல. அங்கே புதிதாக வீடு கட்டுவோர், வரைபடம் கீறத் தொடங்குமுன், காணியில் நிழல் விழும் திசையையும் காற்று வரும் திசையையும் கட்டடக் கலைஞரோடு நின்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.