கடல்மீன் வெண்புள்ளி நோய்

கடல்மீன் வெண்புள்ளி நோய் என்பது கிரிப்டோகாரியான் இரிட்டன்சு என்னும் ஒருகல ஒட்டுண்ணியால் கடல்நீர் மீன்களுக்கு ஏற்படும் தொற்றுநோய் ஆகும். இவ்வுயிரிக்கு இப்பெயரை 1951 ஆம் ஆண்டில் பிரவுன் என்பவர் இட்டார். நன்னீர் மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் இக்தியோப்திரியசு மல்டிபிலீசு என்னும் வேறோர் உயிரி ஆகும். கடல்நீர் மீன்தொட்டிகளில் டாங் வகை மீன்கள் இந்நோய்க்கு எளிதில் ஆளாகின்றன.

அறிகுறிகள்

உடலிலும் துடுப்புகளிலும் உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். மீன் பாறையிலோ மணலிலோ உடலைத் தேய்க்கும், உணவைத் தவிர்க்கும். செவுள்கள் தாக்கப்பட்டால் மூச்சு விரைவாகும். செவுளில் மட்டும் தொற்று இருக்கும்போது புள்ளிகள் வெளியே தெரியாமலும் போகலாம்.

பிறவற்றிலிருந்து வேறுபாடு

* காயம்: பெரும்பாலும் ஒரு பக்கத்தில், ஒழுங்கற்ற வடிவில் இருக்கும். செதில் பெயர்ந்தோ துடுப்பு கிழிந்தோ காணப்படும். இடம் மாறாது. வெண்புள்ளிகளோ உருண்டையாக, இரு பக்கங்களிலும், நாளுக்கு நாள் இடம் மாறித் தோன்றும்.
* வெல்வெட் நோய்: அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்னும் உயிரியால் உண்டாவது. புள்ளிகள் மிக நுண்ணிய தூசு போல் இருக்கும். சில நாட்களிலேயே மீன்கள் இறக்கக்கூடும்.
* லிம்போசிசுட்டிசு: தீநுண்ம நோய். பூக்கோசு போன்ற கட்டிகள் பல வாரங்கள் ஒரே இடத்தில் இருக்கும்.

வாழ்க்கை வட்டம்

ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாட்கள் உணவுண்டு வளர்கிறது. பின்னர் மீனைவிட்டு நீங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு அமைத்து, அதனுள் பலவாகப் பிரிகிறது. கூட்டிலிருந்து வெளிவரும் நீந்தும் உயிரிகள் ஓரிரு நாட்களுக்குள் மீனை அடையாவிட்டால் இறந்துவிடும். ஆனால் சில கூடுகள் இரண்டு மாதங்களுக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடும்.

எனவே புள்ளிகள் மறைவது நோய் நீங்கியதற்கு அடையாளம் அன்று. அது ஒட்டுண்ணி பெருகும் காலமாக இருக்கலாம். மீன் குணமடைந்ததாகக் கருதி வாளாவிருந்தால், அடுத்த சுற்றில் புள்ளிகள் முன்னினும் மிகுதியாகத் தோன்றும்.

சிகிச்சை

மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை அளிப்பர். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செப்பு அயனி சேர்த்தல் ஒரு முறை. செப்பு பவளங்களையும் இறால்களையும் கொல்லும் என்பதால் அதை முதன்மைத் தொட்டியில் இடுவதில்லை. நீரின் உப்பளவை லிட்டருக்கு ஏறத்தாழ 16 கிராம் அளவுக்குக் குறைத்தல் மற்றொரு முறை. இதில் தப்பும் ஒட்டுண்ணி வகைகளும் உண்டு. எம்முறையாயினும் புள்ளிகள் மறைந்த பின்னரும் சில வாரங்கள் தொடர்தல் வேண்டும். அக்காலத்தில் முதன்மைத் தொட்டி மீன்களின்றி விடப்படும். புதிய மீன்களைச் சில வாரங்கள் தனித்து வைத்துக் கண்காணிப்பது சிறந்த தடுப்பு முறையாகும்.