சேற்றுக்குப் பிறந்த வண்டி

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். முன்னோர் முடிபை ஏற்றுத் தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூலாகும். இப்பகுப்பு ஏட்டுக்கு மட்டுமன்றி இரும்புக்கும் பொருந்தும். பிரித்தானியாவில் பழைய மலைத் துவிச்சக்கரவண்டிகளைத் தேடிச் சேர்ப்போரிடையே நிகழும் வழக்கைக் கேட்போர் இதனை உணர்வர். அந்நாட்டார் செய்த மலைவண்டி அவர்தம் சொந்த ஆக்கமா, அமெரிக்க வண்டியின் நகலா என்பதே அவ்வழக்கு.

அமெரிக்கர் கட்சி வலியது. 1970களில் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலைப் பகுதியில் இளைஞர் சிலர் தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகளில் விரைந்திறங்கி விளையாடினர். 1976இல் ‘றீபாக்’ என்னும் இறக்கப் பந்தயம் தொடங்கிற்று. ஒருமுறை இறங்கியதும் பின்சில்லின் பிரேக்கிலுள்ள கிறீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் அடைத்தல் வேண்டும். பெயர்க் காரணம் அதுவே. 1977இல் ஜோ பிறீஸ் இவ்விளையாட்டுக்கெனப் புதுச் சட்டம் அமைத்தார். 1981இல் ‘ஸ்ரம்ப்ஜம்பர்’ வண்டி சந்தைக்கு வந்தபின் அவ்வடிவமே உலகெங்கும் பரவியது.

ஆயினும், ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் சில்ரேண் குன்றுகளில் ஜெவ் அப்ஸ் என்பவர் வேறு வழியிற் சிந்தித்தார். அவருக்கு வேகம் பெரிதன்று. மழையில் ஊறிய காட்டுத் தடத்தில் காலூன்றாது மெல்லக் கடந்து செல்லவேண்டும். அத்தேவையிலிருந்தே அவரது ‘கிளீலண்ட்’ வண்டி பிறந்தது. நிமிர்ந்து அமரும் நிலை, வேரிலும் கல்லிலும் மோதாதவாறு உயர்த்திய மிதியச்சு, சேறு அப்பினும் பிடிக்கும் உருளைப் பிரேக், பின்லாந்தின் பனிப்பாதைக்கென வார்த்த பெரிய ரயர் ஆகியன அதன் இலட்சணங்கள். 1980களின் முற்பகுதியில் விற்பனைக்கு வந்த அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. எனினும் வினாவும் விடையும் அதற்கே உரியவை. ஆதலின் அது முதல்நூல்.

1980களின் இறுதியில் யோர்க்‌ஷயரின் பேஸ் நிறுவனம் சதுர அலுமினியக் குழாய்களால் சட்டம் செய்தது. உருவம் அமெரிக்க மரபு. உறுப்பு தன் மரபு. இதனை வழிநூல் எனலாம். அதில் இழிவு யாதுமில்லை.

வழக்கில் ஒரு சுவையான திருப்பமும் உண்டு. அப்ஸ் தம் பின்லாந்து ரயர்களைக் கலிபோர்னியாவின் காரி பிஷருக்கும் சார்ளி கெலிக்கும் அனுப்பினார். அவை தொடர்ந்து கிடைக்காமையால் 26 அங்குலச் சில்லே அங்கு நிலைத்தது. 2010களிலோ பெரிய சில்லுகள் மலைவண்டிகளில் அதனை வென்று நின்றன. சந்தையில் தோற்றது சிந்தனையில் தோற்றதாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, எஞ்சிய வண்டிகளே இவ்வழக்கின் சாட்சிகள். இங்கேதான் சேர்ப்போர் கடமை எழுகின்றது. பழைய பூச்சைச் சுரண்டிப் புதுவர்ணம் தீட்டி, உருளைப் பிரேக்கைக் கழற்றி வழக்கமான பிரேக்கைப் பூட்டுபவர், ஏட்டுப் பாடத்தைத் தம் விருப்பப்படி திருத்திப் பதிப்பித்தவரை ஒப்பர். வண்டி அழகு பெறலாம், சான்று அழிந்துவிடும். ஓட்டுவதற்கே செய்த பொருளைச் சுவரில் மாட்டுவதும் முறையோ என்று கேட்போரும் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. வெடித்த ரயரை மாற்றுக. தேய்ந்த சங்கிலியை மாற்றுக. மாற்றியதைக் குறித்தும் வைக்க. ஆக்கியோன் கருத்து எவ்வுறுப்பில் உறைகின்றதோ அதனைத் தொடாதிருத்தலே நற்பதிப்பாசிரியன் பண்பு.