அந்த ஒற்றைச் சமன்பாடு

கூட்டலும் பெருக்கலும் மட்டுமே வரும் ஒரு சமன்பாட்டை நீட்டினால், அதற்கு முழு எண்களில் தீர்வு உண்டா, இல்லையா என்று சொல்லிவிடுகிற பொதுவான வழிமுறை வேண்டும். 1900ல் டேவிட் ஹில்பர்ட் முன்வைத்த 23 கணக்குகளில் பத்தாவது இது. அமெரிக்கக் கணிதவியலாளர் ஜூலியா ராபின்சன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தார்.

1948ல் பெர்க்லியில் தர்க்கவியலாளர் ஆல்ஃபிரட் டார்ஸ்கியிடம் முனைவர் பட்டம் பெற்ற கையோடு தொடங்கிய வேலை. அப்படியொரு வழிமுறையே கிடையாது என்று நிறுவ, கணினியால் பட்டியலிட முடிகிற எந்த எண் தொகுப்பையும் இத்தகைய சமன்பாட்டுக்குள் அடக்கிக் காட்ட வேண்டும். சிக்கல் அடுக்குகளில் இருந்தது. மாறியே அடுக்காக வரலாம் என்று விட்டால் வழிமுறை இல்லை என்பதை 1961ல் மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம், ராபின்சன் மூவரும் நிறுவினார்கள். முதல் இருவரின் நிரூபணம் பகா எண்களைப் பற்றிய நிறுவப்படாத ஓர் ஊகத்தின்மேல் நின்றது. அந்த ஊகமே தேவையில்லை என்று காட்டியவர் ராபின்சன். அடுக்கை நீக்குவதற்கும் அவரே முன்பு வழி சொல்லியிருந்தார்: தீர்வுகள் அடுக்கேற்றத்தின் வேகத்தில் வளரும் சமன்பாடு ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.

அந்த ஒன்று அகப்படவில்லை. பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்திகளை ஊதும்போதெல்லாம் அவர் வேண்டிக்கொண்டது, இந்தக் கணக்கு தீர வேண்டும் என்பதுதான். தீர்ப்பது தானாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் நெகிழவைப்பது இதுதான்.

1970 ஜனவரியில் லெனின்கிராடில் 22 வயது யூரி மத்தியசேவிச், ஃபிபனாச்சி எண்களைக் கொண்டு அந்தச் சமன்பாட்டைக் கண்டுபிடித்தார். முயற்சியைக் கைவிட்டிருந்த அவரை மறுபடி இழுத்துவந்தது ராபின்சனின் புதிய கட்டுரை ஒன்று. செய்தி எட்டியதும் ராபின்சன் அவருக்குக் கடிதம் எழுதினார்: நான் இந்த ஊகத்தைச் சொன்னபோது நீங்கள் குழந்தை, நீங்கள் வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று. இத்தனை ஆண்டு உழைப்பின் கடைசிப் படியை வேறொருவர் ஏறியதில் அவருக்குத் துளி வருத்தம் இல்லை. பனிப்போர்க் காலத்தில் இருவரும் கடிதங்கள் வழியே சேர்ந்து உழைத்து, எந்தச் சமன்பாட்டையும் 13 மாறிகளுக்குள் சுருக்கலாம் என்று 1975ல் வெளியிட்டார்கள்.

இத்தனைக்கும் ராபின்சன் அதுவரை பேராசிரியர் அல்ல. கணவர் ரஃபேல் ராபின்சன் பெர்க்லி கணிதத் துறையில் இருந்ததால், தம்பதியரை ஒரே துறையில் அமர்த்தக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. சிறுவயதுக் காய்ச்சலில் பழுதான இதயமும் அவரைக் கட்டிப்போட்டது. 1976ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண் கணிதவியலாளர் அவர். அதற்குப் பிறகே பெர்க்லி அவருக்குப் பேராசிரியர் பதவி தந்தது. கால்பங்கு வேலை போதும் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.