ஆளுக்கு ஒரு மீன்

மலையில் மீன் என்றால் எங்களுக்குக் கருவாடும் டின்மீனும்தான். கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி, பெரகல சந்தியைத் தாண்டி வெல்லவாய பக்கம் இறங்கி மட்டக்களப்பு வரை போகிறது. இன்னொரு வீதி அப்புத்தளைக்கு ஏறுகிறது. கடல் மீன் ஐஸ் பெட்டியில் இவ்வளவு உயரம் வந்து சேர்வதற்குள் கண் வெளுத்துவிடும். புளியும் கொச்சிக்காய்த் தூளும் அள்ளிப் போட்டுத்தான் குழம்பு வைப்போம்.

இப்படிப்பட்ட எனக்கு, அண்மையில் கொழும்பில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் உப்பு மட்டும் போட்டுச் சுட்ட மீன் உண்ணக் கிடைத்தது. கொழும்புக்கு இந்தச் சமையல் புதிதல்ல. ஜப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த தர்ஷன் முனிதாச 1995இலேயே 'நிஹோன்பாஷி'யைத் தொடங்கிவிட்டார். நாங்கள் போனது வேறொரு சிறிய கடை. என் அண்ணன் மகன் அங்கே அடுப்படியில் வேலை செய்கிறான். சம்பளம் கூடியதும் தாயையும் என்னையும் அழைத்தான்.

என் அண்ணன் 1977 கலவரத்தோடு வன்னிக்குப் போனவர். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன் வாடியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அண்ணியைக் கைப்பிடித்தார். 2009இல் அவரை இழந்தோம். முகாமிலிருந்து திரும்பிய அண்ணி, கருவாடு போட்டு விற்றே மகனை ஆளாக்கினார்.

அவன் செய்முறையைச் சொன்னான். கும்பளா மீனைக் கழுவி, தோலில் கீறி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைக்க வேண்டும். கசியும் நீரைத் துடைத்துவிட்டால் வெடுக்குப் போய்விடும். செட்டையிலும் வாலிலும் கூடுதலாக உப்பு அப்பினால் அவை கருகாது. தணல் நன்றாகக் கனல வேண்டும், ஆனால் மீன் அதற்குச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டுக்கொள்ளத் துருவிய முள்ளங்கியும் தேசிக்காயும். எண்ணெய் ஒரு துளி இல்லை.

சூப்பை வாயில் வைத்த அண்ணி, "இது எங்கட மாசியெல்லோ!" என்றார். உண்மைதான். மாசிக்குச் செய்வதுபோலவே அவர்களும் சூரையை அவித்து, புகையில் காயவைத்து, கட்டையாக இறுகியதைச் சீவிப் போடுகிறார்கள். கட்சுவோபுஷி என்பது அதன் பெயர். மலைக்கு மீன் ஏற்றும் பாடும் அவர்களுக்கு இருந்திருக்கிறது. வாகசாக் கரையிலிருந்து கியோத்தோ நகருக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தூரம், உப்பிட்ட கும்பளாவைத் தோளில் சுமந்தே நடந்தார்களாம். அந்த வழிக்கு அந்த மீனின் பெயரே நிலைத்துவிட்டது.

தட்டங்கள் வந்தன. ஆளுக்கு ஒரு முழு மீன், சோறு, ஊறுகாய். அண்ணி கை வைக்கவில்லை.

"ஒண்டைப் பிரிச்சுச் சாப்பிடுவம் மச்சாள். மற்றதைக் கட்டித் தரட்டும்."

அவர் வீட்டில் நடுத்துண்டு அண்ணனுக்கு, பிறகு மகனுக்கு. அவருக்குத் தலையும் சட்டியில் ஒட்டிய குழம்பும். நல்ல மீன் கிடைத்த நாளில் அதை விற்றுவிடுவார். சகோதரிகளே, நம்மில் யாருக்கு இது புதிது? பரிமாற வேண்டிய ஆட்கள் குறைந்த பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை.

"கட்டித் தரமாட்டன் அம்மா. இது உங்கட மீன்" என்றான் மகன்.

ஜப்பானியர் மீனைப் புரட்டிப் போடமாட்டார்கள். மேல்பக்கத்தை உண்டு, முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டுத்தான் கீழ்ப்பக்கத்துக்குப் போவார்கள். அண்ணி குச்சிகளை ஒதுக்கிவிட்டு, யாரும் சொல்லித் தராமலே விரலால் அதைச் செய்தார். முள் சீப்புப்போல முழுதாக வந்தது. பேசாமல் கடைசிவரை உண்டுவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விலை அநியாயம். 1,000 ரூபா நாட்கூலிக்காக 2021 வரை போராடிய தோட்டத்துக்காரி நான். எனக்கு அந்தப் பில் நெஞ்சில் குத்தியது. அவன் காட்டவே மறுத்தான், நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

அண்ணி என்னோடு பெரகலைக்கு வந்து ஒரு கிழமை நின்றார். மீன்காரர் வந்ததும் செவுளைத் தூக்கிப் பார்த்து, பெரிய மீனை விட்டுச் சூடை வாங்கச் சொன்னார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். உப்புப் போட்டு, பழைய கம்பி வலையில் வைத்து, விறகுத் தணலில் சுட்டோம். ஆளுக்கு நான்கு. அண்ணியே எண்ணி வைத்தார், தனக்கும்.