ஸ்பீக்கர் காஸ்ட்லி... ஆனா சத்தம் திணறுதா? ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பல ஆயிரம் ரூபாய் போட்டு நல்ல ஸ்பீக்கர் வாங்கியாச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால், கடையில் கேட்ட பேஸைக் காணோம். வால்யூமை முக்கால்வாசி திருப்பினால் பாட்டு கரகரக்கிறது. 'ஸ்பீக்கர் டூப்ளிகேட்டோ?' என்று சந்தேகம் வரும். ஆனால் பல நேரம் குறை ஸ்பீக்கரில் இல்லை. அதை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு போதவில்லை.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பவர் தேவை? எப்படிக் கணக்குப் போடுவது?

ஸ்பீக்கரின் 'பசி' எவ்வளவு?

முதலில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் இந்த எண். 90-க்கு மேல் இருந்தால் சுலபமாக ஓட்டலாம். 86, 84 என்று இறங்க இறங்க, பசி அதிகம் என்று அர்த்தம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது; 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் 10 மடங்கு பவர் தேவை! அதனால் 50 வாட்ஸுக்குப் பதிலாக 60 வாட்ஸ் வாங்கினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

1 வாட் போதும்... ஆனா போதாது!

86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு. உட்காரும் இடம் 10 அடி தள்ளி. ஆளுக்கு 1 வாட் கொடுத்தாலே, சாதாரண ஹாலில் சுமார் 80 டெசிபல் வந்துவிடும். அதுவே நல்ல சத்தம்தான்.

அப்புறம் எதற்குப் பெரிய ஆம்ப்? பாட்டு ஒரே சீராகப் போவதில்லை. திடீரென விழும் ஒரு தவில் அடி, சினிமாவில் வரும் ஒரு வெடிச்சத்தம் எல்லாம் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை எகிறும். அந்த ஒரு நொடிக்கு 30 முதல் 100 வாட்ஸ் வேண்டும். ஆம்ப் திணறுவது அங்கேதான்.

4 ஓமா, 8 ஓமா?

அடுத்தது இம்பீடன்ஸ். ஒரே வால்யூமில் 8 ஓம் ஸ்பீக்கரைவிட 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். பெட்டியில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் சில சுருதிகளில் அது 4-க்குக் கீழேகூட இறங்கலாம். நல்ல பவர் சப்ளை இல்லாத ஆம்ப் சூடாகும், சில சமயம் தானாகவே ஆஃப் ஆகிவிடும்.

'1000 வாட்ஸ்' உண்மையா?

அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ என்று பெரிய எண் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று குறிப்பிடப்படும் தொடர் பவர். இந்த வாட்ஸ் விளையாட்டைக் கட்டுப்படுத்தவே அமெரிக்காவில் 1974-ல் தனி விதி கொண்டுவந்தார்கள்.

ஆர்எம்எஸ் எண்ணிலும் சூட்சுமம் உண்டு. '6 ஓம், 1 கிலோ ஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல்' என்று பொடி எழுத்தில் இருந்தால், நிஜத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு. '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ், இரண்டு சேனலும் சேர்ந்து' என்பதே நம்பத்தகுந்த கணக்கு.

சின்ன ஆம்ப்தான் சேஃபா?

இல்லை. சக்திக்கு மீறி முடுக்கினால் சிக்னலின் உச்சி வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். அப்போது உயர் அலைவரிசையில் கூடுதல் பவர் போய், மெல்லிய ட்வீட்டர் காயில் கருகிவிடும். அதற்காகப் பெரிய ஆம்ப் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் திருப்பலாம் என்றும் இல்லை. சத்தம் கரகரத்தால் உடனே குறைத்துவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

* ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்ன? 86 என்றால் சேனலுக்கு 50 முதல் 100 வாட்ஸ். 92 என்றால் 25 வாட்ஸே தாராளம்.
* ஆம்ப் 4 ஓமைத் தாங்குமா? 8 ஓமில் 60 வாட்ஸ் தருவது 4 ஓமில் 100-ஐத் தொட்டால் நல்ல அறிகுறி.
* ஹால் எவ்வளவு பெரிசு? உட்காரும் தூரம் கூடினால் பவரும் கூட வேண்டும்.

முடிந்தால் அதே ஸ்பீக்கரை அதே ஆம்பில் மாட்டி, வீட்டில் கேட்கும் சத்தத்தில் ஒரு பாட்டு முழுசாகக் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.