சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய்

2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காத நாட்களில் பல வீடுகளின் குசினிக்கு மண்ணெண்ணெய் அடுப்பு திரும்பி வந்தது. பின்னர் எரிவாயு வந்துவிட்டது. எண்ணெய்ப் போத்தல் மட்டும் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. அது பெரும்பாலும் பழைய சோடாப் போத்தல். அடுப்புக்குப் பக்கத்தில், நிலத்திலேயே இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதன் மணம் ஒரு தடையே அல்ல. போத்தல் என்றால் குடிப்பதற்குத்தான். இலங்கையில் சிறு பிள்ளைகள் தவறுதலாக உட்கொள்ளும் நச்சுப் பொருட்களில் மண்ணெண்ணெய் முன்வரிசையில் இருக்கிறது.

வயிற்றுக்குள் போன எண்ணெயைவிட நுரையீரலுக்குள் போகும் எண்ணெய்தான் ஆபத்தானது. மண்ணெண்ணெய் மிக இலகுவாகப் பரவும். குடிக்கும்போது புரையேறி, கொஞ்சம் சுவாசக் குழாய்க்குள் இறங்கினாலே நியூமோனியா போன்ற அழற்சி உண்டாகலாம். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைத்தால் அதே எண்ணெய் மறுபடியும் தொண்டைக்கு வருகிறது. உதவி என்று நினைத்துச் செய்வதே பிள்ளையின் நுரையீரலைக் கெடுத்துவிடும். பாலும் இளநீரும்கூட வேண்டாம். வயிறு நிறைந்தால் வாந்தி தானாகவே வரும்.

நனைந்த உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 அம்புலன்ஸ் இலவசம். பிள்ளை சிரித்து விளையாடினாலும் போகத்தான் வேண்டும். இருமலும் மூச்சு வாங்குதலும் சில மணித்தியாலங்கள் கழித்தும் தொடங்கலாம்.

இதையெல்லாம் ஓர் இளம் தாயிடம் எப்படிச் சொல்வது? "பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள்" என்பது என் பார்வையில் வீண் பேச்சு. எந்த உம்மா கவனமில்லாமல் இருக்கிறார்? என் ராத்தாவிடம் அப்படிச் சொன்னால், "நீ ஒரு நாளைக்கு இவனப் பாத்துக் காட்டு" என்பார். அதனால், "ராத்தா, இந்தப் போத்தல எங்க வைப்போம்?" என்று மட்டும் கேட்டேன். இருவருமாக எண்ணெயை இறுக்கமான மூடியுள்ள கேனில் ஊற்றி, வெளி அறையில் பூட்டி வைத்தோம். கழிவறை கழுவும் திரவத்தையும் எலி மருந்தையும் ராத்தா தானாகவே அங்கே கொண்டுவந்து வைத்தார்.

இன்னொன்றும் உண்டு. ஏச்சு விழும் என்ற பயத்தில் நடந்ததை மறைத்து, வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். அந்தத் தாமதம் பொல்லாதது. ஆகவே மாமியும் வாப்பாவும் கூட இருக்கும்போதே இதைப் பேசுங்கள்: அப்படி ஏதும் நடந்தால் யாரும் யாரையும் ஏசுவதில்லை, முதலில் ஆஸ்பத்திரி.